பல்லு மிஸ்ஸின் கப்பல் இன்னும் காயவில்லை

பெயின்ற் காய்ந்துவிட்டதா என்று நாங்களெல்லாம் விரலால் தொட்டுப் பார்ப்போம். தொட்டு, ரேகையைப் பதித்துவிட்டு, பதித்தது நாமில்லை என்ற முகத்தோடு நகர்ந்துவிடுவோம். பல்லு மிஸ் தொடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூக்கை மட்டும் கொண்டுபோவார். கண்ணை மூடி ஒரு சின்ன இழுப்பு.

"மணக்குது. காயேல்லை."

தீர்ப்பு அவ்வளவுதான். மேன்முறையீடு கிடையாது.

கதவுக்கும் யன்னலுக்கும் மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் அந்த மூக்குத்தான். புதுக்குடை வாங்கினால் மணந்து பார்ப்பார். கலியாண அட்டையை நீட்டினால், மாப்பிள்ளை யாரென்று வாசிக்க முதல் மணந்து பார்ப்பார். ஒருமுறை அப்படி ஒரு அட்டையை மணந்துவிட்டு, "மை இன்னும் காயேல்லை. அவசரத்தில அடிச்சிருக்கினம்" என்றார். கொண்டுவந்த தகப்பனுக்கு வேர்த்துவிட்டது. என்ன அவசரம் என்பது சில மாதங்களில் தொடர்மாடி முழுவதற்கும் கேட்கிற குரலில் வீரிட்டு அழுதது.

பல்லு மிஸ் என்பது நாங்கள் வைத்த பெயர். கொட்டாஞ்சேனையில் ஒரு லாபில் கட்டுப்பல் செய்வது அவருடைய வேலை. வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போய், ஊரிலுள்ள பொக்கை வாய்களுக்கெல்லாம் சிரிப்புச் செய்துகொடுத்துவிட்டு, பின்னேரம் பஸ்ஸில் திரும்பி வருவார். மூக்குப் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான். பல்லுப் பதிக்கிற அந்த இளஞ்சிவப்புத் தட்டில் மருந்து மணம் மிச்சமிருந்தால், போட்டவரின் முரசு, அதுதான் பல் ஈறு, வெந்துபோகுமாம்.

"வாயும் ஈரமான இடம்தானே, செக்ரட்டரி. ஈரத்துக்குள்ள போற எதுவும் முதல்ல முழுக்கக் காய வேணும்" என்பார்.

செக்ரட்டரி என்பது நான். எங்கள் தொடர்மாடிக் கமிட்டிக்குச் செயலாளர் தெரிவுசெய்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. வராதவனைத் தெரிவு செய்துவிட்டார்கள். அப்போது எனக்கு ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. கலியாணம் நடக்காததற்குக் காரணம் செவ்வாய் தோஷம் என்று அம்மா கடைசிவரை சொல்லிவந்தார். கண்ணாடி வேறு காரணம் சொல்லிக்கொண்டிருந்தது.

கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் கோப்பைகள் தமக்குள் கதைத்துக்கொள்ளும் கட்டடம் அது. முதலாம் மாடியில் நான். இரண்டாம் மாடியில் மிஸ். மூன்றாம் மாடியில் அன்ரி. அன்ரியின் பெயரையும் விட்டுவிடுகிறேன். அவர் இன்னும் மூன்றாம் மாடியில்தான் இருக்கிறார், நான் இங்கே சீவிக்க வேண்டும்.

மிஸ் குடிவந்து சில வாரங்களில் அன்ரி என் கதவைத் தட்டினார்.

"செக்ரட்டரி, அந்தப் பல்லு மனிசி ஹூனியம் செய்யுது."

"என்ன அன்ரி சொல்லுறீங்கள்?"

"பல்கனியைப் போய்ப் பாருங்கோ. ஜாம் போத்தல் நிறையத் தண்ணி. உள்ளுக்குள்ள கறுப்புக் குச்சி, சிவப்புக் குச்சி, நூலில தொங்குது. எங்கட சிங்கப்பூர்ச் சித்தி படுத்த படுக்கையாக் கிடந்தது இப்பிடி ஒரு போத்தலாலதான்."

செயலாளர் என்ற முறையில் போனேன். பயத்தில் சட்டைப் பையில் கொஞ்சம் திருநீறும் கொண்டுபோனேன். கதவைத் திறந்தவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, என் முகத்தைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்தார். பிறகுதான் தெரிந்தது, யாரைக் கண்டாலும் அவர் முதலில் பார்ப்பது பல்லைத்தான் என்று.

பல்கனியில் போத்தல்கள் இருந்தது உண்மை. குச்சிகள் ஐஸ்கிறீம் குச்சிகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயின்ற், அதன் மேல் ஒவ்வொரு வார்னிஷ். எது தண்ணீருக்குள் கிடந்து வெளுக்கிறது, எது உரிகிறது, எது அப்படியே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மேசையில் ஒன்றரை அடி நீளத்தில் ஒரு மரக் கப்பலின் உடம்பு, பூச்சு எதுவும் இல்லாமல், தோலுரித்த மரவள்ளிக்கிழங்குபோல் கிடந்தது.

"இது அலுமாரியில வைக்கவோ?" என்று கேட்டேன்.

"அலுமாரியில வைக்கிறதுக்கு ஏன் இவ்வளவு பாடு? இது மிதக்கிற கப்பல்."

திருநீற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. நானே பூசிக்கொண்டேன்.

அவருடைய அப்பா கொழும்புத் துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் சுக்கான் பிடித்தவர். பெரிய கப்பல்களை வாலில் கட்டி உள்ளே இழுத்துவரும் குட்டிக் கப்பல். மிஸ்ஸின் தங்கை கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் காலமாகிவிட்டார். தங்கை இப்போது மெல்பேணில். "அவளுக்கு அப்பான்ர முகம் தெரியாது. கப்பலையாவது பாக்கட்டும்" என்றார் மிஸ். அந்தக் குட்டிக் கப்பலைத்தான் அச்சாக, தண்ணீரில் விட்டால் மிதக்கிற மாதிரி, செய்துகொண்டிருந்தார். மரம் செதுக்கி ஒட்டுவது அவருக்குப் பெரிய வேலையாகத் தெரியவில்லை. கடைவாய்ப் பல்லின் மேட்டுப்பள்ளத்தைச் செதுக்கிய கைக்கு அது என்ன? நிறம்தான் அவரை ஆட்டிவைத்தது.

அன்றிலிருந்து என்னோடு நல்ல பழக்கம். என் அழகில் மயங்கி என்று நினைத்துவிடாதீர்கள். மொட்டைமாடிப் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. மொட்டைமாடியில் சீமெந்துத் தண்ணீர்த் தாங்கி இருந்தது.

வெள்ளை வாங்கக் கொட்டாஞ்சேனைக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். எல்லாரும் 'நானா' என்று அழைக்கிற ஹாட்வெயார் கடை முதலாளி நிற அட்டையை விரித்தார். மிஸ் கைப்பையைத் திறந்து, சீப்புமாதிரி ஒரு தகட்டில் வரிசையாகப் பொருத்தியிருந்த பீங்கான் பற்களை எடுத்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"யா அல்லாஹ்!" முதலாளி ஓரடி பின்னுக்குப் போனார். "இது யாருட பல்லு?"

"ஒருத்தற்றயும் இல்லை, நானா. நிறம் பாக்கிறது. வெள்ளையெண்டு ஒண்டில்லை. அப்பான்ர கப்பல் மேல்தட்டு வெள்ளை, ஆனா புகை பட்ட வெள்ளை. இதில மூண்டாவது பல்லும் நாலாவது பல்லும் கலந்தமாதிரி."

"புது வெள்ளையை வாங்கி மேல வார்னிஷ் அடிச்சா ஒரு பளபளப்பு வருமே?" என்று நான் என் அறிவையும் கொஞ்சம் கடையில் விரித்தேன்.

"செக்ரட்டரி, ஒருக்காச் சிரியுங்கோ."

சிரித்தேன். பற்சீப்பை என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். முதலாளியும் எட்டிப் பார்த்தார். கடையில் ஆணி வாங்க வந்தவரும் எட்டிப் பார்த்தார்.

"வடிவாப் பாருங்கோ, நானா. வெள்ளைக்கு மேல எண்ணெய் வார்னிஷ் அடிச்சா கொஞ்ச நாளில இதுமாதிரித்தான் வரும்."

அந்தக் கடையில் பிறகு நான் வாயைத் திறந்து சிரித்ததில்லை.

உடம்புக்குக் கறுப்பு சுலபமாக அமைந்தது. தண்ணீருக்குக் கீழே போகும் அடிப்பாகத்துக்கு வந்தபோது மிஸ் நின்றுவிட்டார். சின்ன வயதில் கொட்டாஞ்சேனை மேட்டில் வீட்டு மாடியில் நின்று அப்பாவின் கப்பல் போவதைப் பார்த்தவர். தண்ணீருக்கு மேலே உள்ளதைத்தான் பார்த்திருக்கிறார். அடி என்ன நிறமென்று அவருக்குத் தெரியாது. துறைமுகத்தில் வேலைசெய்த பழைய ஆட்களைத் தேடிப் போய்க் கேட்டார். ஒருவர் சிவப்பு என்றார். ஒருவர் மண்ணிறம் என்றார். இன்னொருவர் பச்சை என்று சத்தியம் செய்தார். அவருக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்ததை மிஸ் பிறகு என்னிடம் சொன்னார். மூன்று நிறத்திலும் குச்சி பூசிப் போத்தலில் தொங்கவிட்டுவிட்டு, மூன்றையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் அவர் மூக்குக்கு எட்டாத கேள்வி அது ஒன்றுதான்.

"சிவப்பை அடிச்சிட்டுப் போங்கோவன் மிஸ். தங்கச்சி கவிட்டுப் பாக்கப்போறாவோ?"

"அவ பாக்காட்டிலும் எனக்குத் தெரியுமெல்லே."

கடைசியில் ஒருநாள் சிவப்புக்குள் வெள்ளையும் துளி மண்ணிறமும் விட்டுக் கலக்கினார். வந்த நிறத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். கட்டுப்பல் தட்டு. நல்ல ஆரோக்கியமான முரசு.

"பாக்காத நிறத்தை ஆரிட்டையும் கேட்டுப் பூசுறதைவிட, நான் தினமும் பாக்கிற நிறத்தைப் பூசுவம்" என்றார். கறுப்பு உடம்பும் இளஞ்சிவப்பு முரசுமாக அந்தக் கப்பல் கவிழ்ந்து கிடந்தபோது, யாரோ சத்தமில்லாமல் சிரிப்பதுபோல் இருந்தது.

தாங்கிக் கதையையும் சொல்லிவிட வேண்டும். இதை நான் மறைத்தாலும் அன்ரி சொல்லுவார்.

நான் ஓயாமல் ஆலோசனை சொல்வதைத் தாங்கமாட்டாமல், செதுக்கும்போது பிழைத்துப்போன ஒரு கப்பல் உடம்பை மிஸ் என்னிடம் தந்திருந்தார். "இதில உங்கட விளையாட்டையெல்லாம் விளையாடுங்கோ." எனக்கு மினுக்கம்தான் முக்கியம். கதவுக்குப் பூசுகிற பிரெஞ்சு பொலிஷை வாங்கி அள்ளிப் பூசினேன். கலியாண வீட்டுக் கதிரைமாதிரி மினுங்கியது. மிஸ் மணந்து பார்த்து, "மணக்குது. அதோட இது தண்ணிக்கு ஆகாது" என்றார். மினுக்கத்தைக் கண்டு பொறாமை என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு காலை தாங்கியின் மூடியைத் திறந்து, முதல் பூச்சு நன்றாகக் காய்ந்திருந்த தன் கப்பலை மிஸ் இறக்கினார். அது நேராக நின்றது. நானும் என்னுடையதை இறக்கினேன். அது ஒரு பக்கம் சரிந்து, பிறகு மறு பக்கம் சரிந்து, பிறகு யோசித்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மினுக்கம் வெளுக்கத் தொடங்கியது. பார்த்திருக்கப் பார்த்திருக்க, தயிர் பூசினமாதிரி வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

அடுத்த நாள் கமிட்டி அவசரக் கூட்டம். அன்ரி ஒரு கோப்பையோடு வந்திருந்தார்.

"குடிச்சுப் பாருங்கோ, செக்ரட்டரி. என்ர தேத்தண்ணியில கதவு மணக்குது!"

கோப்பை கையிலிருந்து கைக்குப் போனது. எல்லாரும் குடித்தார்கள். எல்லாருக்கும் கதவு மணத்தது. விசாரணைக்குழு ஒன்றை நியமிக்கலாம் என்று நான் கம்பீரமாக முன்மொழிந்தேன். தலைமை தாங்கவும் தயாராக இருந்தேன். மிஸ் எழும்பி, மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "அது செக்ரட்டரியின்ர கப்பல்."

விசாரணைக்குழுவின் வேலை அதோடு முடிந்தது, என் பதவியும் முடிந்தது. தாங்கியை நானே இறங்கித் தேய்த்துக் கழுவினேன். மேலே நின்று மிஸ் டோர்ச் பிடித்தார். திறப்பு போய்விட்டதால் இனி என்னை அவர் தேடமாட்டார் என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து குரல் வந்தது.

"செக்ரட்டரி, மூலையை விட்டிட்டீங்கள்."

பதவி போன பிறகும் அவர் என்னை அப்படித்தான் அழைத்தார். புதிய செயலாளரை அவர் ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. புதியவர் அன்ரியின் கணவர். அவரை அன்ரியே பெரிதாக அழைப்பதில்லை.

பூச்சைப் பற்றி மிஸ்ஸிடம் சில சட்டங்கள் இருந்தன. காரமான பூச்சுக் கீழே, சாதுவான பூச்சு மேலே. மாறிப் பூசினால் கீழே இருப்பது சுருங்கிப்போகும். பஞ்சிகாவத்தையில் கார்ப் பெயின்ற் வாங்கிவந்து நான் ஒரு குச்சியில் அடித்துக் காட்டியபோது, அடியில் இருந்த எனமல் யானைத்தோலாகச் சுருண்டதைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் கட்டடத்தில் சாதுவான நான் கீழேயும் காரமான அன்ரி மேலேயும் இருப்பது ஏன் சரிவரவில்லை என்பதும் எனக்கு அன்றுதான் விளங்கியது. அந்தச் சட்டப்படி, கப்பலின் கறுப்புக்கும் முரசு நிறத்துக்கும் இடையில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் வெள்ளைக் கோட்டை, காரமான நகப்பூச்சால் மிஸ் முதலே போட்டு, காயவிட்டு, அதன் மேல் ரேப் ஒட்டி மறைத்துக்கொண்டு மற்ற நிறங்களைப் பூசியிருந்தார். நூல் பிடித்தமாதிரிக் கோடு. கப்பல் தண்ணீரில் நிற்கும்போது அந்தக் கோடு தண்ணீருக்குச் சரியாக மேலே தெரிய வேண்டும்.

இன்னொரு சட்டம்: "தேவையில்லாத பூச்சு பாரம்." ஒவ்வொரு பூச்சும் கப்பலுக்குப் பாரம் ஏற்றுமாம். அதனால் லாபிலிருந்து கொண்டுவந்த சின்னத் தராசில் அவ்வப்போது நிறுத்துப் பார்ப்பார்.

அந்த நாட்களில்தான் நாட்டில் எல்லாம் தட்டுப்பாடானது. காஸுக்கு ஒரு வரிசை, பெற்றோலுக்கு ஒரு வரிசை. சனம் பெட்டி கட்டியது. மிஸ்ஸின் லாபுக்கும் மருந்து வருவது நின்றது. பல்லுச் செய்ய மருந்தில்லை, பல்லால் கடிக்கப் பாணுமில்லை என்று சிரிப்பார். மெல்பேணிலிருந்து தங்கை ஒவ்வொரு நாளும் வீடியோவில் வந்து அழுதார். அங்கேயே வந்து இருந்துவிடச் சொல்லி விசாவும் வந்துவிட்டது.

"கப்பல் முடியட்டும். முடிஞ்ச கையோட வாறன்" என்று தங்கையிடம் மிஸ் சொன்னது, திறந்திருந்த யன்னல் வழியாக என் வீட்டுக்குக் கேட்டது. அன்று சோற்றில் உப்புப் போட மறந்து, மறந்தது தெரியாமலே சாப்பிட்டேன்.

அடுத்த நாள் போய், கப்பலைச் சுற்றி ஒரு நடை நடந்தேன்.

"மிஸ், அடிப்பாகத்துக்கு இன்னொரு கோட் வார்னிஷ் அடிச்சா நல்லம்போலக் கிடக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்னத்துக்கு?"

"மெல்பேண் தண்ணி வேற தண்ணியெல்லே."

இதைவிட முட்டாள்தனமான ஒரு காரணத்தை இன்றைக்கும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சட்டத்தைச் சொல்லித் துரத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கப்பலைப் பார்த்தார். "சரி. நல்லதாக் கிடைச்சாக் கொண்டாங்கோ" என்றார்.

ஊர் முழுவதும் காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு திரிந்த காலத்தில் நான் வார்னிஷ் தேடித் திரிந்தேன். கொட்டாஞ்சேனைக் கடைக்குத் தனியாகப் போனேன்.

"போட்டுக்குப் பூசுற வார்னிஷ் இருக்கோ, நானா?"

"செல்லுங்க சேர், எத்தின அடி போட்?"

"ஒண்டரை அடி."

முதலாளி என் முகத்தையும் வயிற்றையும் பார்த்தார். "அதுல யாரு சேர் ஏறப்போற?" பிறகு அவருக்கு நினைவு வந்தது. "ஆ, பல்லு மிஸ்ஸுட ஆள்!" என்று சத்தமாகச் சொன்னார். கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள். மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பஸ் ஏறாமல் கொஞ்சத் தூரம் நடந்தேன்.

மிஸ் அந்த வார்னிஷை முதலில் குச்சியில் பூசி, போத்தலில் தொங்கவிட்டு, காத்திருந்து, பிறகுதான் கப்பலுக்குப் பூசினார். அது காய நாள் எடுத்தது. கடற்காற்றில் எதுவும் லேசில் காயாது. வெள்ளவத்தையில் உப்புக்கூடக் கரைந்துகொண்டுதான் இருக்கும். காய்ந்ததும் நான் இன்னொரு டின்னோடு போனேன். தெமட்டகொடையில் ரயில் பெட்டிக்குப் பூசுகிற சாமான் என்றேன். "சரி" என்றார். பிறகு வேறொன்று. "சரி." என் தெரிவில் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை. தேத்தண்ணீர் ஊற்றித் தருவார். நான் குடித்துக்கொண்டிருப்பேன், அவர் தூரிகையால் ஒரே திசையில் நீளமாக இழுத்துக்கொண்டிருப்பார். ரயில் வரும்போது மட்டும் கையைத் தூக்கிக்கொள்வார். கோப்பைகள் கதைத்து முடிந்ததும் மறுபடி இழுப்பார். தங்கை வீடியோவில் கேட்டுக்கொண்டிருந்தார்: "அக்கா, இன்னும் காயேல்லையோ?"

ஒருநாள் கேட்கிற குரல் மாறியது. தங்கையின் கணவருக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை. வீட்டில் ஆளில்லை. அன்று மிஸ் கேட்டுக்கொண்டு இறங்கி வந்தார்: "செக்ரட்டரி, நாளைக்கு வேலை இருக்கோ? கப்பலை விடவேணும்."

கிருலப்பனைப் பக்கம் கால்வாய்க்கரை. நடைபாதை வாங்கில், ஒரே குடைக்குள், ஒரு சோடி உட்கார்ந்திருந்தது. எங்களிடமும் குடை இருந்தது, ஆனால் அது கப்பலுக்கு. கடைசிப் பூச்சில் வெயில் நேரே படக்கூடாதாம். குடைக்குள் கப்பல், வெயிலுக்குள் நாங்கள். அந்தச் சோடி எங்களைப் பார்த்துச் சிரித்ததை நான் குறைசொல்லமாட்டேன்.

கப்பலின் மூக்கில் நூலைக் கட்டி மிஸ் தண்ணீரில் இறக்கினார். அது ஆடி, அமர்ந்து, அசையாமல் நின்றது. எதிர்க்கரையிலிருந்து ஒரு கபரகொயா, ஆள் நீளத் தண்ணீர் உடும்பு, இறங்கி, தலையை மட்டும் நீட்டி, இழுத்துப்போக யாரும் தேவையில்லாத ஒரு பெரிய கப்பலைப்போலக் கடந்து போனது. நான் கைதட்டினேன். மிஸ் தட்டவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைக் கோட்டைக் காணவில்லை. கோடு தண்ணீருக்குக் கீழே போய்விட்டது. கப்பல் தாழ்ந்து நின்றது.

"பாரம் கூடிப்போச்சு" என்றேன், என்னவோ அந்தப் பாரம் வானத்திலிருந்து விழுந்ததுபோல.

"தெரியும். ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் நிறுத்துப் பாத்தனான்தானே."

"அப்ப ஏன் மிஸ் போடவிட்டனீங்கள்? தேவையில்லாத பூச்சு பாரமெண்டு நீங்கள்தானே..."

"தேவையில்லாத பூச்சைத்தான் சொன்னனான்" என்றார்.

கபரகொயா வளைவில் திரும்பும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கப்பலைத் தூக்கி, மேல்தட்டைக் கழற்றினார். கப்பல் நேராக நிற்க உள்ளே மீன்பிடி ஈயக் குண்டுகள் வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து என் சட்டைப் பையில் போட்டார். போடப் போடச் சட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. மறுபடி இறக்கினார். வெள்ளைக் கோடு, தண்ணீருக்குச் சரியாக ஒரு மயிரிழை மேலே, வந்து நின்றது.

"இவ்வளவும் உங்கட பாரம், செக்ரட்டரி" என்று என் பையைக் காட்டிச் சிரித்தார். சிரிப்புச் செய்கிறவர் தான் சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்தான். மேல்வரிசையில் ஒரு பல் லேசாகத் திரும்பியிருக்கும். அதைத் திருத்த அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

போகிற அன்று கப்பலைப் பெட்டியில் வைக்க மெல்லிய தாளெல்லாம் விரித்துவிட்டு, கடைசியாக மூக்கைக் கொண்டுபோனார். கண்ணை மூடினார். அவ்வளவு நீண்ட இழுப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மணக்குது. பெட்டியில போட்டால் பேப்பர் ஒட்டும்." கப்பலைத் தூக்கி என் கையில் தந்தார். "மணம் போன பிறகு கொண்டாங்கோ."

"பார்சலிலயோ?"

"உங்களைப் போய்ச் செக்ரட்டரியாப் போட்டவை!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "கப்பலை ஆரும் பார்சலில அனுப்புவினமோ?"

வான் வந்து ஹோர்ன் அடித்தது. படிகளில் இறங்கும்போது அன்ரிகூட மேலிருந்து அழுதார். நான் இரண்டு கையாலும் கப்பலைப் பிடித்திருந்ததால் கைகாட்ட முடியவில்லை.

வருடங்கள் ஓடிவிட்டன. அவ்வப்போது குரல்செய்தி வரும். சுகமோ, சாப்பிட்டீங்களோ ஒன்றும் கிடையாது. "செக்ரட்டரி, மணக்குதோ?" அவ்வளவுதான். பின்னால் மெல்பேண் பறவை ஏதாவது கத்தும்.

"ஓம் மிஸ், மணக்குது."

பொய் சொல்லுவது எனக்குச் சரிவராது. அதனால் ஒவ்வொரு முறையும் பதில் அனுப்ப முதல் டின்னைத் திறந்து, மெல்லியதாக ஒரு பூச்சு இழுத்துவிடுவேன். மணம் ஓடிவிடாமல் கப்பலை அலுமாரிக்குள் சேட்டுகளோடு வைத்துப் பூட்டிவிடுவேன். கந்தோரில் என் பக்கத்து மேசைக்காரர் நான் பகுதிநேரமாகத் தச்சுவேலை செய்வதாக நம்புகிறார். மணம் போனால் நான் போகவேண்டும். ஐம்பதை நன்றாகத் தாண்டிவிட்ட, விமானத்தில் ஒருநாளும் ஏறாத, பழைய வார்னிஷ் நிறப் பல்லுள்ள ஒருவன், கையில் ஒரு கப்பலோடு இன்னொருவருடைய நாட்டில் போய் ஒரு கதவைத் தட்டவேண்டும். திறந்தவர் என் வாயைப் பார்ப்பார். அதற்குப் பிறகு நான் என்ன சொல்லுவேன்? பூசிக்கொண்டே இருப்பது சுகம்.

போன மாதம் செய்தி வந்தது. வழக்கமான கேள்வி இல்லை.

"செக்ரட்டரி, நிறுத்துப் பாத்தனீங்களோ?"

பறவை கத்தியது. செய்தி முடிந்துவிட்டது.

அலுமாரியைத் திறந்தேன். கப்பலைக் குளியலறை வாளியில் விட்டால் மூக்கும் வாலும் முட்டியது. அன்ரியிடம் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டும் தொட்டியை இரவல் வாங்கி, தண்ணீர் நிரப்பி இறக்கினேன். வெள்ளைக் கோடு எங்கேயோ ஆழத்தில் கிடந்தது. கறுப்பும் பாதிக்கு மேல் உள்ளே. கழற்றி எடுக்க உள்ளே இனி ஈயமில்லை. அதெல்லாம் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பூசினால் மிஸ்ஸின் அப்பா கப்பலோடு போய்விடுவார்.

மண்கடதாசி தேய்த்து, பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க ஒரு கிழமை எடுத்தது. தோள் கழன்றுவிட்டது. கீழே வர வர ஒவ்வொரு டின்னும் எனக்கு அடையாளம் தெரிந்தது. இது தெமட்டகொடை. இது கொட்டாஞ்சேனை. நகப்பூச்சுக் கோடு தண்ணீருக்கு மேலே ஒரு மயிரிழை வந்ததும் நிறுத்திக்கொண்டேன். தேய்த்த இடம் தண்ணீர் குடிக்காமல் இருக்க ஒரே ஒரு பூச்சு, மெல்லியதாக, ஒரே திசையில் இழுத்தேன். ரயில் வந்தபோது கையைத் தூக்கிக்கொண்டேன். டின்னில் மிச்சமிருந்ததைக் கீழ்வீட்டுக்காரரின் கேற்றுக்குக் கொடுத்துவிட்டேன்.

கப்பலை அலுமாரிக்குள் வைக்கவில்லை. கடற்பக்க யன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து, காற்றுப் படுகிற இடமாகப் பார்த்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மூன்றாம் மாடியிலிருந்து சத்தம் வந்தது.

"செக்ரட்டரி! உங்கட வீட்டுக் கதவு மணக்குது! மேல இருக்கேலாமக் கிடக்கு!"

அவரும் இப்போது என்னை அப்படித்தான் அழைக்கிறார்.

யன்னலால் தலையை நீட்டி மேலே பார்த்துச் சொன்னேன்:

"காயுது, அன்ரி. காயுது."